கம்பளியும் கைத்தறியும்

ஆடு மனிதனுக்குத் தருவன யாவை என்று கேட்டால், பால், இறைச்சி, தோல், கம்பளி என்று நம் பாடசாலைப் பிள்ளைகள் தடையின்றி விடை சொல்லிவிடுவர். பாடத்தில் கற்ற விடை அது. ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான நமது கடற்கரை ஊர்களில் வளரும் ஒரு பிள்ளை, கிளுவை வேலியோரத்தில் இலை கடித்து நிற்கும் ஓர் ஆட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாப்பா, இதிலே கம்பளி எங்கே இருக்கிறது?" என்று கேட்குமானால், பெற்றோர் சற்றே தயங்க நேரிடும். கேள்வி சிறியது; விடையோ நெடுந்தூரம் நம்மை அழைத்துச் செல்வது. அந்த விடையைத் தேடிப் புறப்படுகின்ற குடும்பம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியில் நான்கைந்து கிலோமீற்றர் சென்றால் போதுமானது. அங்கே மருதமுனை என்னும் ஊர் இருக்கிறது. கம்பளியைப் பற்றிய கேள்வி எவ்வாறு மருதமுனையின் கைத்தறியிற் சென்று முடிகிறது என்பதையே இப்பேச்சில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஆட்டைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நமது தெருக்களில் நாம் காண்பனவற்றுட் பெரும்பாலானவை வெள்ளாடுகள். கம்பளிக்குப் பெயர் பெற்றது செம்மறியாடு. வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்; செம்மறியின் வால் கீழ்நோக்கித் தொங்கும். இந்த ஓர் அடையாளத்தைக் கொண்டே சிறு பிள்ளையும் இரண்டையும் பிரித்தறியலாம். ஆயினும், செம்மறியைத் தேடிப் பிடித்துக் காட்டினாலும் பிள்ளையின் ஐயம் தீராது. இலங்கையின் வடபகுதியில் வளர்க்கப்படும் யாழ்ப்பாணச் செம்மறியின் உடலிலும் குட்டையான, நேரான உரோமமே உண்டு. இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் அது வளர்க்கப்படுகிறதேயன்றிக் கம்பளிக்காக அன்று.

இதற்குக் காரணம் யாது? காட்டுச் செம்மறியின் உடலில் இருவகை உரோமங்கள் உண்டு. வெளியே தெரிவது தடித்து விறைப்பானது. மழையையும் முள்ளையும் தடுப்பது அது. அதன் அடியிலே, குளிர்காலத்தில் மாத்திரம், பஞ்சு போன்ற மெல்லிய உரோமம் வளர்ந்து, வேனில் வந்ததும் உதிர்ந்துவிடும். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் மனிதன் செம்மறியைப் பழக்கியபோது அவன் கருதியது இறைச்சியையும் தோலையுமே. சில ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே, அடியுரோமம் மிகுந்த ஆடுகளைத் தேர்ந்து இனம் பெருக்கும் வழக்கம் வேரூன்றியது. தலைமுறை தலைமுறையாக நடந்த அத்தேர்வின் பயனாக, வெளியுரோமம் குறைந்தது. அடியுரோமம் உதிராமல் ஆண்டு முழுவதும் வளரலாயிற்று. அதுவே கம்பளி. ஆகவே, கம்பளி என்பது இயற்கை தந்ததும் மனிதன் வளர்த்ததுமாகிய ஒன்று. ஈரவெப்பம் மிகுந்த நாடுகளில் அத்தகைய தேர்வுக்குத் தேவை எழவில்லை. சித்திரை வெயிலில் கம்பளிப் போர்வை சுமந்து நிற்கும் ஓர் ஆட்டை நினைத்துப் பார்த்தால் காரணம் எளிதில் விளங்கும்.

வெள்ளாடும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. இமயத்துக்கு அப்பால், லடாக் மேட்டுநிலத்தின் கடுங்குளிரில் வாழும் வெள்ளாட்டுக்கு மிக மெல்லிய அடியுரோமம் வளர்கிறது. அதனை வேனிற்காலத் தொடக்கத்தில் சீப்பினால் வாரி எடுத்துப் பஷ்மினாச் சால்வை நெய்கிறார்கள். கல்முனை வேலியோரத்தில் நிற்கும் ஆடும் அந்த ஆடும் ஒரே இனமே. வாழும் இடம் வேறு, ஆடை வேறு.

தமிழ் வழங்கும் நிலத்திலேயே கம்பளியாட்டைக் காண வேண்டுமாயின் நீலகிரிக்குச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோயம்புத்தூர்ப் பகுதிச் செம்மறியோடு தஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்னும் அயல்நாட்டு இனங்கள் கலந்து உருவான நீலகிரிச் செம்மறி அங்கே இருக்கிறது. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில் அவ்வினத்தைப் பேணும் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. குளிர்ந்த மலையில் அந்த ஆடு மெல்லிய கம்பளி தருகிறது; மலையடிவாரத்துச் சமவெளியில் வாழும் பல செம்மறியினங்களின் உடலிலோ வெறும் உரோமமே. நிலத்தின் தட்பவெப்பமே ஆட்டின் ஆடையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருக்குர்ஆனின் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தில் 80-ஆவது வசனம், கால்நடைகளின் தோலிலிருந்து கிடைக்கும் கூடாரங்களையும், அவற்றின் கம்பளியிலிருந்தும் உரோமத்திலிருந்தும் கிடைக்கும் வீட்டுப் பொருள்களையும் இறைவனின் கொடைகளாக எண்ணிக் கூறுகிறது. அடுத்த வசனமோ வெப்பத்தினின்று காக்கும் ஆடைகளைக் குறிப்பிடுகிறது. அரபு மொழியில் 'ஸூஃப்' என்னும் சொல் கம்பளியைக் குறிக்கும். எளிமையை நாடிக் கரடுமுரடான கம்பளியாடை உடுத்தமையாலேயே ஸூஃபிகள் அப்பெயர் பெற்றனர் என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்து. குளிருக்குக் கம்பளி, வெப்பத்துக்குப் பருத்தி என்று உலகம் தன் ஆடையைப் பகுத்துக்கொண்டபோது, நமது கடற்கரைக்கு வாய்த்தது பருத்தியே.

இனி, ஆட்டின் உடலிலிருக்கும் கம்பளி எவ்வாறு துணியாகின்றது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். கம்பளியில் உலகப் புகழ் பெற்றது மெரினோ இனம். நெடுங்காலம் ஸ்பானிய நாட்டின் தனியுடைமையாக இருந்த அந்த ஆடு 1797-இல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அந்நாட்டின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாகக் கம்பளி வளர்ந்தமைக்கு அதுவே தொடக்கம். பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டின் கம்பளியைக் கத்தரிக்கிறார்கள். கைதேர்ந்தவர் கத்தரித்தால், கம்பளி துண்டு துண்டாக விழாமல், ஒரு சட்டையைக் கழற்றியதுபோல ஒன்றாகவே கழன்று வரும். ஆட்டுக்கு அதனால் நோவில்லை. கோடைக்கு முன்னர் பாரம் குறைந்த நிம்மதியே உண்டு.

அவ்வாறு எடுத்த கம்பளியை உடனே நூற்க இயலாது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொழுப்பும் வியர்வை உப்பும் புழுதியுமே. வெந்நீரிலும் சவர்க்கார நீரிலும் அலசி அவற்றை நீக்க வேண்டும். நீங்கும் கொழுப்பும் வீணாவதில்லை. 'லனோலின்' என்னும் பெயரில் களிம்புகளிலும் தைலங்களிலும் அது சேர்கிறது. அலசிய கம்பளியை உலர்த்தி, கம்பிப் பற்கள் நிறைந்த பலகைகளாலோ உருளைகளாலோ வாரிவிட்டால், சிக்குண்ட இழைகள் ஒருமுகப்பட்டு மெல்லிய படலமாகும். அப்படலத்தைத் திரியாக இழுத்து, இழுத்தவாறே முறுக்கினால் நூலாகும். நூலைத் தறியில் ஏற்றி நெய்தால் துணியாகும்.

இங்கே ஓர் உண்மையை நாம் கவனித்தல் வேண்டும். கத்தரித்தலும் அலசுதலும் ஆட்டோடு தொடர்புடைய வேலைகள். வாருதல், முறுக்குதல், நெய்தல் ஆகிய மூன்றும் அவ்வாறல்ல. கம்பளிக்கும் பருத்திக்கும் அவை பொதுவானவை. ஆடை நெய்யும் கலையின் உயிர்நிலை முறுக்கிலே இருக்கிறது. பருத்தியின் தனியிழை ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உடையது. விரலால் இழுத்தால் அறுந்துவிடும் அத்தகைய இழைகள் பல்லாயிரம் சேர்ந்து மைல்கணக்கில் நீளும் நூலாவது எவ்வாறு? முறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நெருக்கத்தினால் உராய்வு உண்டாகிறது. அந்த உராய்வே ஓர் இழையை மற்றோர் இழையினின்று நழுவவிடாமல் பிடித்து வைக்கிறது. நூலை இழுக்க இழுக்கப் பிடிப்பு இறுகுகிறது. கம்பளியிழை அலையலையாகச் சுருண்டும், மேற்பரப்பில் மீன் செதில் போன்ற நுண்செதில்களைக் கொண்டும் இருப்பதால் அதற்குப் பிடிப்பு அதிகம். பருத்தியிழை உலரும்போது தட்டையாகித் தானாகவே திருகிக்கொள்வதால் அதற்கும் பிடிப்பு உண்டு.

இவ்வுண்மையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மருந்துக்கடைப் பருத்திப் பஞ்சிலே ஒரு சிட்டிகை எடுத்து, மெதுவாக இழுத்தபடியே விரல்களால் உருட்டி முறுக்கினால், சில அங்குல நீளமான நூல் பிள்ளையின் கையிலேயே உருவாகிவிடும். பின்னர், தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சை எடுத்து அவ்வாறே முறுக்கச் சொல்லுங்கள். அது வழுக்கி வழுக்கி உதிருமேயன்றி நூலாகாது. கண்ணுக்கு இரண்டும் பஞ்சுதான். ஆனால் இலவின் இழை வழுவழுப்பானது, திருகல் இல்லாதது. மென்மை மாத்திரம் நூலுக்குப் போதாது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மையும் வேண்டும் என்பதைப் பிள்ளை தன் விரலாலேயே கற்றுக்கொள்ளும். குடும்பமாக மருதமுனைக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் மாலையிற் செய்யத்தக்க சோதனை இது.

கல்முனையிலிருந்து பாண்டிருப்பைக் கடந்து சென்றால் மருதமுனை. கடலுக்கும் வயலுக்கும் இடையில், மணல் நிலத்தில் அமைந்த முஸ்லிம் ஊர். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களைத் தமிழுக்குத் தந்த ஊர் என்று இலக்கிய அன்பர் அதனை அறிவர். சாரத்துக்கும் சேலைக்கும் பெயர் பெற்ற கைத்தறி ஊர் என்று நாடு முழுவதும் அறியும். கிழக்குக் கரையில் காத்தான்குடி, ஆரையம்பதி முதலிய ஊர்களிலும் நெசவு நடந்து வந்திருக்கிறது. ஆயினும் ஊரின் பெயரைச் சொன்னதும் தறியின் ஓசை நினைவுக்கு வரும் சிறப்பு மருதமுனைக்கே உரியது.

அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் அனுமதி பெற்று உள்ளே சென்றால், முதலிற் காண்பது நூற்சிட்டங்களாகும். நூலின் நுண்மையை 'இலக்கம்' என்னும் அளவினால் குறிப்பர். 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை ஆகுமோ, அதுவே அந்நூலின் இலக்கம். 40-ஆம் இலக்க நூல் ஓர் இறாத்தல் எடுத்தால் அதன் நீளம் 33,600 யார், அதாவது ஏறத்தாழ 19 மைல். கல்முனையிலே ஒரு நுனியைக் கட்டிவிட்டு மட்டக்களப்பை நோக்கி நடந்தால், வழியின் பெரும்பகுதியை அந்த ஓர் இறாத்தல் நூலே அளந்துவிடும். 60-ஆம் இலக்க நூலாயின் 28 மைலுக்கு மேலாக நீண்டு மட்டக்களப்பையும் தாண்டிவிடும். இலக்கம் கூடக்கூட நூல் நுண்ணிதாகும், துணி மெல்லிதாகும், விலை ஏறும்.

சிட்டத்திலுள்ள நூலைக் கொதிநீரில் அவித்து, அதன் இயற்கை மெழுகை நீக்கிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். கம்பளியைக் கொழுப்பு நீங்க அலசியதற்கு ஒப்பான வேலை இது. மெழுகு நீங்காத நூலிலே சாயம் ஏறாது. சாயமிட்டு உலர்த்திய நூலை ராட்டையில் ஏற்றிச் சுற்றுகிறார்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பெரிய கண்டுகளிலும், குறுக்காக ஓடும் ஊடை நூல் 'தார்' எனப்படும் சிறு குச்சிகளிலும் சுற்றப்படும். பாடசாலை விட்டு வந்த பிள்ளையும், தறியில் அமர இயலாத முதியவரும் செய்யக்கூடிய வேலை தார் சுற்றுதல். தறியிலே அமர்ந்திருப்பவர் ஒருவரே. அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அடுத்து வருவது பாவு போடுதல். எந்த நிறத்தில் எத்தனை இழை, அதன் பின் எந்த நிறத்தில் எத்தனை இழை என்று எண்ணி எண்ணி ஒழுங்கு செய்கின்ற வேலை இது. சாரத்திலே நாம் காணும் கட்டங்கள் துணியின்மேல் அச்சிட்டவையல்ல. நீளவாட்டு நிறங்களைப் பாவும், குறுக்குவாட்டு நிறங்களை ஊடையும் தருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதொரு நிறம் தோன்றுகிறது. நீலப் பாவும் வெள்ளை ஊடையும் சந்தித்தால் அவ்விடம் வெளிர்நீலமாகத் தெரியும். ஆகையால், கட்டத்தின் அழகு நெய்வதற்கு முன்னரே நெசவாளரின் எண்ணிக்கையில் முடிவாகிவிடுகிறது. ஓர் இழை தவறினால், துணி முழுவதும் அத்தவறு கோடாக ஓடும்.

பாவு நூலுக்குக் கஞ்சி இடுவதும் உண்டு. தறியில் மேலும் கீழும் இழுபட்டு உராயும்போது நூல் சிலும்பி அறாதிருப்பதற்காகவே அது. தக்காணப் பீடபூமியில் கருங்கம்பளி நெய்யும் இடையர்கள் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைத் தங்கள் கம்பளிப் பாவுக்குப் பூசுகிறார்கள். பொருள் வேறாயினும் கருத்து ஒன்றே. ஒருவரையொருவர் அறியாத இரு தொழிலாளர் ஒரே இடரை எதிர்கொண்டு ஒரே வகையான விடையைக் கண்டிருக்கிறார்கள்.

பின்னர் ஒவ்வோர் இழையையும் விழுதின் கண்ணிலும், சீப்பைப் போன்ற அச்சின் பல்லிடுக்கிலும் கோத்தெடுக்க வேண்டும். சாரத்தின் அகலம் 45 அங்குலம் என்றும், அங்குலத்துக்கு 60 இழை என்றும் வைத்துக்கொண்டால், கோக்க வேண்டிய இழைகள் 2,700. இத்தனையும் கையால், ஒவ்வொன்றாக. இவ்வளவும் முடிந்த பின்னரே முதல் ஊடை ஓடும்.

நெய்தல் என்பது மூன்று அசைவுகளின் தொடர்ச்சி. காலால் மிதியை அழுத்தியதும் விழுதுகள் ஏறியிறங்கி, பாவு இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு வழி திறக்கிறது. கையால் கயிற்றைச் சுண்டியதும், தாரைச் சுமந்த நாடா அவ்வழியே பாய்ந்து மறுபுறம் சேர்கிறது. உடனே அச்சை முன்னே இழுத்து அடித்ததும், புதிய இழை துணியோடு நெருங்கி அமர்கிறது. மிதி, வீச்சு, அடி. 2 மீற்றர் நீளமுள்ள ஒரு சாரத்துக்கு, அங்குலத்துக்கு 60 ஊடை என்ற கணக்கில், நாடா ஏறத்தாழ 4,700 முறை ஓட வேண்டும். நாம் உடுக்கும் சாரத்தில் அத்தனை வீச்சும் அத்தனை அடியும் அடங்கியிருக்கின்றன என்பதைத் தறியின் அருகில் நின்று பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்டும் இம்முறையைக் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் கே என்பவர். 1733-இல் அவர் பெற்ற உரிமைப் பத்திரம் கம்பளித் தொழிலைக் கருதியதாகும். அதற்கு முன்னர், அகலமான கம்பளித் துணி நெய்வதற்குத் தறியின் இருபுறமும் இருவர் இருந்து நாடாவைக் கைமாற்ற வேண்டியிருந்தது. அவருடைய கருவியினால் ஒருவரே அதனை நெய்ய முடிந்தது. குளிர்நாட்டின் கம்பளிக்காகப் பிறந்த அக்கருவி பருத்தித் தறிக்கும் பரவி, வெப்பநாட்டின் கைத்தறியிலும் குடிகொண்டது. மருதமுனையில் நாடா ஓடும் ஓசையிலே கம்பளியின் வரலாறும் கலந்து ஒலிக்கிறது.

இதுவரை கூறியது தொழிலின் முறை. தொழிலின் நிலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். நமது ஆட்டுக்குக் கம்பளி இல்லாதது போலவே, நமது தறிக்குச் சொந்த நூல் இல்லை. பருத்தி நூல் பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது, சாயமும் அவ்வாறே. நெசவாளருக்குச் சொந்தமானவை தறியும் கையும் கணக்குந்தான். ஆகவே, நூலின் விலையை எவர் தீர்மானிக்கிறாரோ, அவரே நெசவாளரின் வீட்டில் அடுப்பெரிவதையும் தீர்மானிக்கிறார். 1977-க்கு முற்பட்ட ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவியபோது, நெய்த துணி தேங்கிக் கிடக்கவில்லை. அவ்வாண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், ஆலையில் நெய்த மலிவான துணிகள் கடைகளை நிறைத்தன. இலங்கையின் பல ஊர்களில் தறிகள் ஓய்ந்தன. 1978 நவம்பர் 23-இல் வீசிய சூறாவளி இக்கரையின் வீடுகளைச் சிதைத்தது. அதன் பின்னர் நெடிய உள்நாட்டுப் போர் வந்து, போக்குவரத்தையும் சந்தையையும் முடக்கியது.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி எழுந்தபோது, மருதமுனை பேரிழப்புக்கு உள்ளான ஊர்களுள் ஒன்றாயிற்று. உயிர்களோடு வீடுகளும், வீடுகளோடு தறிகளும் நூலும் அழிந்தன. வீடே தொழிற்சாலையாக இருக்கும் ஊரில், வீட்டை இழந்தவர் தொழிலையும் அதே நாழிகையில் இழந்தார். பின்னர் உதவிகள் வந்தன. தறிகள் மீண்டும் நிறுவப்பட்டன. ஆயினும் மரத்தறியைச் செய்து கொடுப்பது சில நாள் வேலை. 2,700 இழைகளைத் தவறின்றிக் கோக்கும் விரலை உருவாக்குவது பல ஆண்டு வேலை. 2022-இல் நமது நாணயத்தின் பெறுமதி வீழ்ந்து, 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் 360 ரூபாயை எட்டியபோது, டொலர் கொடுத்து வாங்கும் நூலும் சாயமும் அதே வேகத்தில் விலையேறின. கூலியோ அந்த வேகத்தில் ஏறக்கூடியதன்று.

இத்தனை இடர்களுக்குப் பின்னரும் அங்கே தறிகள் ஓடுகின்றன. ஆனால் அவற்றில் அமர்வோரின் பிள்ளைகள் பலர் கல்வி கற்று வேறு தொழிலை நாடுகிறார்கள். சிலர் வெளிநாடு செல்கிறார்கள். அதனைக் குறை கூறுவதற்கு நமக்கு உரிமை இல்லை. வருவாய் குறைந்த தொழிலில் தம் பிள்ளை அமர வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார். பிள்ளைகள் தறியில் அமராததற்குக் காரணம் தறியன்று. தறிக்குரிய மதிப்பை நாம் கொடாமையே. ஒரு தொழிலின் நுட்பம் நூலில் எழுதி வைப்பதால் வாழ்வதில்லை. கையிலிருந்து கைக்கு அது செல்ல வேண்டும். இரு தலைமுறை இடையறுந்தால், அறுந்த இழையை எடுத்து முடிவதற்கு ஆள் இல்லாமற் போகும்.

குடும்பத்தோடு அங்கே செல்ல விரும்புவோர் சிலவற்றைக் கவனத்திற் கொள்ளுதல் நலம். அது ஒருவருடைய வீடு, காட்சிச்சாலையன்று. முன்னரே கேட்டு, அவருக்கு வசதியான நேரத்திற் செல்ல வேண்டும். பாவிலே பிள்ளைகள் கைவைக்கலாகாது. ஒரு விரல் பட்டாலும் இழை அறும், அறுந்ததை முடிவதற்கு நெய்பவரின் நேரம் செலவாகும். கேள்விகளைப் பிள்ளைகளே கேட்கட்டும். இந்த நூலின் இலக்கம் என்ன? பாவில் எத்தனை இழை? ஒரு நாளில் எத்தனை மீற்றர் நெய்ய இயலும்? நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு? விடைகளைக் கொப்பியில் எழுதி வந்து, வீட்டில் வாப்பாவோடும் உம்மாவோடும் அமர்ந்து கணக்குப் பார்க்கட்டும். சாரத்தின் விலையில் நூலுக்கும் சாயத்துக்கும் உரியதைக் கழித்து, மீதியை அதனைச் செய்து முடிக்கச் சென்ற நாள்களாற் பிரித்தால், ஒரு குடும்பத்தின் நாட்கூலி வெளிப்படும். அந்த எண்ணைக் கண்ட பிள்ளை, கைத்தறித் துணியின் விலை ஏன் ஆலைத்துணியின் விலையினும் கூடியது என்று கேட்கமாட்டாது. ஏன் இவ்வளவு குறைவாயிருக்கிறது என்றே கேட்கும்.

கைத்தறித் துணியை அறிந்துகொள்ளவும் பிள்ளைகளைப் பழக்கலாம். வெளிச்சத்தின் எதிரே துணியை உயர்த்திப் பிடித்தால், ஊடையிழைகளின் நெருக்கத்தில் சிற்சில வேறுபாடுகள் தெரியும். கரையும் ஆலைத்துணியின் கரையைப் போல ஒரே அளவாக இராது. அவை குறைகளல்ல, மனிதக் கை அடித்த அடியின் அடையாளங்கள். இயந்திரம் ஒரே அடியை ஓயாது அடிக்கும். காலையில் அமர்ந்த கைக்கும் மாலையில் களைத்த கைக்கும் சிறிது வேறுபாடு இருக்கவே செய்யும்.

ஆண்டுக்கு இரு பெருநாள்கள் வருகின்றன. நமது ஊர்களில் அப்போது புத்தாடை வாங்காத வீடு அரிது. அவற்றுள் ஒரு பெருநாளுக்கேனும், வீட்டிலுள்ள ஆண்மக்களுக்குரிய சாரத்தை மருதமுனைத் தறியிலிருந்து வாங்குவது என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்தால், அத்தீர்மானம் பல தறிகளுக்கு வேலை கொடுக்கும். தறியில் வேலை இருந்தால் கூலி இருக்கும். கூலி இருந்தால் அடுத்த தலைமுறையில் ஒருவரேனும் நெசவைக் கற்க முன்வருவர். வாங்கும்போது, நெய்தவர் சொல்லும் விலையைப் பிள்ளையின் கொப்பியிலுள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பின்னர் விலையைக் குறைக்கும்படி கேட்க உங்களுக்கு மனம் வராது.